குறிப்பு: ஒன்றுமில்லை

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சம்பளச் சீட்டில் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். எல்லாருக்கும் அவர் டென்ஷன். கேட்டில் நிற்கிற வாசல்காரருக்கு டென்ஷன் அண்ணன், குடியிருப்புப் பிள்ளைகளுக்கு டென்ஷன் மாமா. கட்டிய மனைவியும் கோபம் வந்தால் அப்படித்தான் சொல்வாள். பேர் வைத்தவன் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும், அவ்வளவு பொருத்தம். மனுஷன் வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி நடப்பார், மறுபடி வருவார். பேருந்து இரண்டு நிமிஷம் தாமதமானால் அது எங்கேயோ கவிழ்ந்து கிடக்கிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்துவிடும். டீயை உட்கார்ந்து குடித்ததாகச் சரித்திரமே இல்லை. நின்றபடி, அதுவும் கதவைப் பார்த்து நின்றபடி குடிப்பார்.

இது அவராகச் சம்பாதித்தது இல்லை, பூர்வீகச் சொத்து. அவருடைய அப்பா ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிற வேலை பார்த்தவர். லிஃப்ட் என்றால் அவருக்குப் பயம். சிரிக்காதீர்கள், நிஜம். ஆட்களை உள்ளே ஏற்றி, பொத்தானை அழுத்தி, தான் வெளியே குதித்துவிடுவார். பிறகு படிக்கட்டில் மூச்சிரைக்க ஓடி, ஐந்தாவது மாடியில் அவர்களுக்குக் கதவைத் திறந்து வணக்கம் வைப்பார். ஓய்வு பெறும்போது அந்தக் கட்டடத்திலேயே திடகாத்திரமான ஆள் அவர்தான். மகனும் அப்படியே வந்து வாய்த்ததில் சொந்தக்காரர்களுக்கு ஆச்சரியமே இல்லை. நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்பார்கள். இந்த வீட்டில் தகப்பன் வழியாக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதானே என்று அத்தைமார் சொல்லிச் சொல்லி, அது அவர் காதில் ஊறிப்போய்விட்டது.

இப்படிப்பட்டவர் இருபது வருஷம் குரங்குகளோடு வேலை பார்த்தார். அதிலும் நல்ல பெயர் வாங்கினார். எப்படி என்று கேளுங்கள்.

ஊர் எல்லையில் ஒரு ஆராய்ச்சிக் கூடம். முன்னால் நீளமான கட்டடம், பின்னால் கம்பிவலை அடித்த பத்துப் பட்டிகள். ஒவ்வொரு பட்டியிலும் முப்பது நாற்பது குரங்குகள், பாட்டி பேத்தி வரைக்கும் குடும்பம் குடும்பமாக இருக்கும். சாக்கடை கழுவுகிற வேலைக்குத்தான் அவரை எடுத்தார்கள். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் தண்ணீர்க் குழாய், உடம்பெல்லாம் பிளீச்சிங் பவுடர் வாசம். மற்ற ஆட்கள் பட்டிக்குள் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நடந்து போவார்கள், குரங்குகளைக் கண்ணுக்குக் கண் பார்ப்பார்கள். குரங்குக்குக் கண்ணுக்குக் கண் பார்த்தால் சண்டைக்குக் கூப்பிடுகிறான் என்று அர்த்தம். ஒரே கூச்சல், ஒரே கடி. நம்முடைய ஆளோ பயத்தில் ஒதுங்கி, ஓரமாக, தலையைக் குனிந்துகொண்டு மெல்ல நடப்பார். குரங்குகளுக்கு இது மகா மரியாதையான நடையாகப் பட்டது. ஒன்றுகூட அவரைக் கடித்ததில்லை. குட்டியைத் தாயிடமிருந்து எடுக்க வேண்டும் என்றால் "டென்ஷனைக் கூப்பிடுங்கப்பா" என்பதே அந்தக் கூடத்தில் வழக்கமாகிப்போனது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் டாக்டரம்மா வந்தார். வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் மைக்கறை, நடந்தால் ஓட்டம், பேசினால் பாதி வாக்கியத்தில் போன் வந்துவிடும். பிறக்கும்போதே எந்தக் குட்டி பயந்த சுபாவம், எது துணிச்சல், அது தாய் தகப்பன் கொடுத்த ஜீனில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நான்கு மாதக் குட்டியை ஒரு நாள் தாயிடமிருந்து பிரித்து, தனி அறையில் ஒரு கூண்டில் வைப்பார்கள். காலை ஒன்பது முதல் மறுநாள் காலை ஒன்பது வரை. இடையில் சில சொட்டு ரத்தம் எடுத்து, பதற்றத்தில் உடம்பில் ஊறுகிற சுரப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். பழக்கமில்லாத ஒரு ஆள் வந்து இரண்டு நிமிஷம் பக்கவாட்டில் நிற்பார், அடுத்த இரண்டு நிமிஷம் குட்டியை நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பார். குட்டி கத்துகிறதா, பதுங்குகிறதா, பல்லைக் காட்டுகிறதா என்று படிவத்தில் கட்டம் கட்டமாகக் குறிக்க வேண்டும். பிடித்துக்கொள்ளக் குட்டிக்கு ஒரு துவாலைத் துணி உண்டு. சலவையில் கொதிக்க வைத்துக் காயப்போட்ட சுத்தமான துணி. படிவத்தின் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அதில் நம்முடைய ஆள் எப்போதும் 'ஒன்றுமில்லை' என்று எழுதி முடித்துவிடுவார்.

டாக்டரம்மா வந்த புதிதில், பட்டிகளைச் சுற்றி நடந்துகொண்டே, இந்த ஜீன் விவகாரத்தை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மூளையில் ஒரு ரசாயனத்தைக் கவனித்துக்கொள்கிற ஜீன் ஒன்று இருக்கிறதாம். சிலருக்கு அது நீளமாக இருக்கும், சிலருக்குக் குட்டை. குரங்குக்கும் உண்டு, மனுஷனுக்கும் உண்டு. குட்டையாக இருக்கிற குட்டி சட்டென்று அரண்டுபோகுமாம். "ஆனா..." என்று அடுத்து ஏதோ ஆரம்பித்தார். போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அந்த அரை வாக்கியத்தை நம்முடைய ஆள் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனார். அத்தைமார் சொன்னதை டாக்டரே சொல்லிவிட்டாரே! வீட்டில் ஒரே மகள், அப்போது நான்கு வயது. விருந்தாளி வந்தால் மேசைக்கடியில் போய்விடுவாள். பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு, வருகைப்பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால் வாயைத் திறக்க மாட்டாள். டீச்சர் வரச்சொன்னபோது இவர் போய், "அது எங்க ரத்தம் டீச்சர், குட்டை ஜீன். மாறாது. அவளை விட்டுடுங்க" என்று விளக்கிவிட்டு வந்தார். டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் விட்டுவிட்டார். அன்றிலிருந்து மகளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள், பெயரைக் கூப்பிடுவதில்லை, தலையைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். பிள்ளைக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தி இவருக்கு.

இனி துணிக்கு வருவோம். மூன்றாம் பட்டியில் ஒரு தாய்க்குரங்கு இருந்தாள். மற்றதெல்லாம் தின்று முடித்த பிறகு கடைசியாகத் தின்ன வருவாள், நிமிர்ந்தே பார்க்க மாட்டாள். கூடத்தில் அவளுக்கு எண்தான் உண்டு. இவர் வைத்த பெயர் கீழ்ப்பார்வை. அவளைப் பார்த்தால் இவருக்கு ஏதோ சொந்தக்காரியைப் பார்ப்பது போல இருக்கும். அவளுடைய குட்டி ஒன்று நான்கு வருஷத்துக்கு முன்னால் சோதனைக்கு வந்தது. மற்ற குட்டிகள் கத்தித் தீர்க்கும், கூண்டை உலுக்கும், அப்புறம் தேறிவிடும். இது கத்தவே இல்லை. உருண்டையாகச் சுருண்டு மூலையில் கிடந்தது. பேரிக்காய்த் துண்டைத் தொடவில்லை, தண்ணீரை நக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு உதடெல்லாம் உலர்ந்து போயிருந்தது. இவருக்கு மகள் ஞாபகம் வந்தது. அம்மாவின் துப்பட்டா நுனியைக் கைக்குள் பொத்திக்கொண்டுதான் மகள் வீட்டில் தூங்குவாள்.

ஒரு துவாலையை எடுத்துப்போய்க் கீழ்ப்பார்வை வழக்கமாக உட்காருகிற பலகையில் போட்டார். அவள் அரைமணி நேரம் அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைக் கொண்டுவந்து, கூண்டில் இருந்த சலவைத் துணியை எடுத்துவிட்டு இதை வைத்தார். குட்டி மூக்கை அதில் புதைத்தது. கால்மணி நேரத்தில் விரல்கள் விரிந்து துணியைப் பிடித்தன. சாயங்காலம் பேரிக்காயைத் தின்றது. முறைக்கிற ஆள் வந்தபோது துணியைக் கட்டிக்கொண்டு அவனையே திருப்பி முறைத்தது! இவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துணி துணிதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். படிவத்தில் துணி கொடுக்கப்பட்டதா என்றுதான் கேட்டிருக்கிறது, எந்தத் துணி என்று கேட்கவில்லையே. குறிப்பு: ஒன்றுமில்லை.

ஒரு தரம் செய்தவருக்கு அடுத்த தரம் சுலபம். கீழ்ப்பார்வைக்கு இரண்டு மகள்கள், அவர்களுக்கும் குட்டிகள். அந்த வம்சத்துக் குட்டி சோதனைக்கு வருகிறது என்றால் முதல் நாளே துவாலை தாயின் பலகைக்குப் போய்விடும். மற்ற குட்டிகளுக்குச் செய்யவில்லை, அவை தாங்கிக்கொண்டன. நான்கு வருஷத்தில் எட்டுக் குட்டிகள். எட்டுப் படிவங்களிலும் குறிப்பு ஒன்றுமில்லை.

ஒரு புதன்கிழமை டாக்டரம்மா அவரை அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார், இவர் வழக்கம்போல நின்றார். மேசையில் ஒரு தாள், தாள் முழுக்கப் புள்ளிகள். கீழே ஒரு கூட்டம், அதில் சேராமல் மேலே தனியாக எட்டுப் புள்ளி. டாக்டரம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பார்த்ததே இல்லை. இந்த எட்டுக்கும் குட்டை ஜீன்தான், நியாயப்படி ஒடுங்கிப்போயிருக்க வேண்டும், ஆனால் சிங்கக்குட்டி மாதிரி இருந்திருக்கின்றன, அப்படியானால் இந்தக் குடும்பத்தில் வேறு ஏதோ ஜீன் இவற்றைக் காப்பாற்றுகிறது என்று படபடவென்று சொன்னார். வெள்ளிக்கிழமை காலை பெரிய மாநாட்டுக்குப் போகிறாராம். நன்றி சொல்கிற இடத்தில் முதல் பெயர் இவருடையதாம். பிறகு, போகிற போக்கில் சொல்வது போல, வரும் திங்கட்கிழமை முதல் அந்த எட்டையும் ஆறு மாதத்துக்குத் தனித்தனி அறையில் வைக்கப் போவதாகச் சொன்னார். மற்ற குடும்பத்துக் குட்டிகளுக்கு இதைச் செய்யத் தனக்கு மனசு வராது என்றார்.

"இதுங்க தாங்கும். அதான் உங்க படிவமே சொல்லுதே."

வெளியே வந்தபோது அவருக்கு எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். இவர் பிடித்ததே குரங்குதான், அது என்னவாக முடிந்தது பாருங்கள். ஒரு நாள் அழாமல் இருக்கட்டும் என்று செய்த காரியம் ஆறு மாதச் சிறையைக் கொண்டுவந்துவிட்டது. அந்த எட்டும் தைரியசாலிகள் இல்லை என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் இவர். கடைக்குட்டிக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. தூங்கும்போது தன் காதைத் தானே பிடித்துக்கொண்டு தூங்கும். காதுபிடி என்று பெயர். அது தனி அறையில் எந்தத் துணியைப் பிடிக்கும்?

சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் வேலை போகும். வேலை போனால் குடியிருப்பு வீடு போகும். மனைவி தைத்துக் கொடுக்கிற துணியெல்லாம் குடியிருப்புக்காரர்களுடையது, அதுவும் போகும். மகள் பள்ளிக்கூடமும் பக்கத்துத் தெருவில்தான். ஒரு துவாலையை இழுத்தால் வீடே கூட வருகிற மாதிரி இருந்தது அவருக்கு.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். இந்த ஆளுக்கோ மடி காலியாக இருந்தாலே பயம், இப்போது கேட்கவா வேண்டும்! புதன் மதியம் டாக்டரம்மா அறைக் கதவைத் தட்டினார். உள்ளே போனதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, ஜன்னல் அழுக்காக இருக்கிறதே, துடைக்கட்டுமா என்று கேட்டு, துடைத்துவிட்டு வந்தார். வியாழக்கிழமை காலை மறுபடி போய், அதே ஜன்னலைத் துடைத்தார். மதியம் போனபோது அந்த ஜன்னலில் துடைக்க ஒன்றும் மிச்சமில்லை. நாலாம் பட்டியில் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று வாயில் வந்ததைச் சொன்னார். அது அடைக்கவே இல்லை. பழுதுபார்க்க இரண்டு பேர் மூங்கில் கம்போடு வந்து, ஒருமணி நேரம் குத்திப் பார்த்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் கேட்டில் வாசல்காரர், என்ன அண்ணே இஞ்சி தின்ன குரங்கு மாதிரி இருக்கீங்க என்று கேட்டார். குரங்குகள் இஞ்சி தின்று தான் பார்த்ததே இல்லை என்று இவர் ரொம்ப சீரியஸாகப் பதில் சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் மனைவி தையல் மிஷினில் இருந்தாள். நிதானமான பெண். வீடு தீப்பிடித்தாலும் ஊசியில் இருக்கிற நூலை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க சொல்லலைன்னா யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் ஏன் இந்தக் குதி குதிக்கறீங்க?"

"திங்கட்கிழமை ஒவ்வொண்ணா உள்ளே விட்டுக் கதவை மூடறவன் நான்தானே."

அவள் மிஷினிலிருந்து கையை எடுத்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள்தான் கேட்டாள். இப்போது அவளுக்குப் பதினொரு வயது.

"அதுங்களுக்கும் குட்டையாப்பா?"

ஆமாம் என்றார்.

"அப்ப துணி குடுத்ததும் எப்படி சரியாச்சு? ரத்தம், மாறாதுன்னு நீதானே டீச்சர்கிட்ட சொன்னே."

இவர் நடையை நிறுத்திவிட்டார். துணி கொடுத்த நான்கு வருஷத்தில் இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. எட்டுத் தரம் கண்ணால் பார்த்தவர், கையால் செய்தவர், அவருக்குத் தோன்றவில்லை. டீச்சரிடம் சொன்னதை மகள் கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நேரே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். உள்ளே இருக்கும்போது எதற்கு வெளிப்பூட்டு என்று மனைவி கேட்கவில்லை, பாவம்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவுக்குப் பத்து மணிக்கு ரயில். ஒன்பதரைக்குக் கிளம்புவார், ஒன்பதுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இவர் கணக்குப் போட்டுப் பட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எட்டே முக்காலுக்கே கார் சத்தம் கேட்டது. குழாயைப் போட்டது போட்டபடி ஓடினார். ரப்பர் பூட்ஸோடு ஒரு மனுஷன் ஓடினால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏதோ குரங்கு கடித்துவிட்டுத் தப்பிவிட்டது என்று நினைத்து வாசல்காரர் கேட்டை மூடிவிட்டார். நல்லதாகப் போயிற்று. கார் நின்றது, காருக்கு முன்னால் இவர் நின்றார்.

டாக்டரம்மா இறங்கினார். இவர் முகத்தைத் திருப்பி, பக்கவாட்டில் நின்று, கேட் கம்பியைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னார்.

"அந்த எட்டுக்கும் நான் குடுத்தது சலவைத் துணி இல்லை மேடம். அதோட அம்மா உக்காந்த துணி. அதுங்களுக்குத் தைரியம் இல்லை. தாங்காது."

அதற்குப் பிறகு டாக்டரம்மா அவரைப் பார்த்தார். கண்ணுக்குக் கண், அசையாமல், இரண்டு நிமிஷம் இருக்கும். இருபது வருஷமாக யார் முகத்தையும் நேராகப் பார்க்காமலே காலத்தை ஓட்டியவர் இவர். அந்தச் சின்னக் கூண்டில் குட்டிக்கு என்ன ஆகிறது என்று அன்றுதான் முழுசாகத் தெரிந்தது. ஓடத் தோன்றியது, சுருண்டு உட்காரத் தோன்றியது. ஆனால் நின்றார்.

எந்தெந்தக் குட்டி, எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் துணி மாறியது என்று கேள்விகள் வந்தன. எட்டுக்கும் நாள் நேரத்தோடு மனப்பாடமாகச் சொன்னார். டாக்டரம்மா அந்தப் புள்ளித் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் நான்கு வருஷம், நான்கு வருஷம் என்று இரண்டு தரம் சொன்னார். திட்டினார். இவர் வாழ்நாளில் வாங்காத திட்டு. இல்லாத ஒரு ஜீனைத் தேடி எத்தனை ரத்தம் எடுத்தேன் தெரியுமா, ஊர் முன்னால் நின்று இன்று பொய் சொல்லியிருப்பேனே என்றார். கடைசியாகக் கேட்டதுதான் இவரைத் தைத்தது.

"குறிப்புன்னு ஒரு கட்டம் வெச்சிருந்தேனே. அது எதுக்குன்னு நினைச்சீங்க?"

கார் திரும்பி உள்ளே போனது. டாக்டரம்மா மாநாட்டுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை தனி அறைகளின் கதவுகள் திறந்தே கிடந்தன. எட்டும் பட்டியில் தாய்களோடு கிடந்தன, காதுபிடி காதைப் பிடித்துக்கொண்டு. இவரைச் சோதனை வேலையிலிருந்து எடுத்து மறுபடி சாக்கடைக்கு அனுப்பினார்கள். விசாரணை என்று மூன்று பேர் கேட்டார்கள், மூன்று பேரிடமும் அதையே சொன்னார். வேலை போன கடிதம் இன்று வரும், நாளை வரும் என்று தபால்காரரை வழிமறித்து வழிமறித்து, கடைசியில் தபால்காரர் அந்தத் தெருவுக்கே பின்பக்கமாக வர ஆரம்பித்துவிட்டார். கடிதம் வரவில்லை. டாக்டரம்மா அவரோடு நாற்பது நாள் பேசவில்லை.

நாற்பத்தோராம் நாள் சாக்கடைப் பக்கம் வந்து நின்றார். இவருக்குப் பதில் வைத்த ஆள் குட்டியை எடுக்கும்போதே பட்டி முழுக்க அலறுகிறதாம், சோதனை தொடங்கும் முன்பே குட்டி பாதி செத்துவிடுகிறதாம். திரும்பி வர வேண்டும் என்றார், குரலில் இன்னும் காரம் போகவில்லை. இவர் குழாயை மூடிவிட்டு, ஏழு வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டார். குட்டை ஜீன் என்றால் அரண்டுபோகும் என்று சொல்லிவிட்டு, ஆனால் என்று ஏதோ ஆரம்பித்தீர்களே, அது என்ன?

டாக்டரம்மாவுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை.

"ஆனா, தாயோட ஒழுங்கா வளர்ந்தா பெரிசா வித்தியாசம் தெரியாதுன்னு சில இடத்துல பார்த்திருக்காங்க. குட்டை ஜீன் மட்டும் போதாது, தனிமையும் சேரணும். அதைத்தான் சொல்ல வந்திருப்பேன்."

இவருக்குப் பிடரியில் அடித்த மாதிரி இருந்தது. அரை வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு போய், மகளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறார். ஜீனை அவர் கொடுத்தாரோ இல்லையோ, தனிமையை அவரே போய்க் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். குரங்குக்குட்டிக்குத் துணி கொண்டுபோய்க் கொடுத்த கை அது. அவருக்கு அழுகை வந்தது, சாக்கடை ஓரத்தில் நின்று அழுதார். ஜீனைப் பற்றி இத்தனை உணர்ச்சிவசப்படுகிற ஆளை டாக்டரம்மா பார்த்ததில்லை போலிருக்கிறது, மெல்ல நழுவிவிட்டார்.

மறுநாளே பள்ளிக்கூடம் போய், தான் சொன்னது தப்பு, தயவுசெய்து மறுபடி பெயரைக் கூப்பிடுங்கள் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டார். மகள் சந்தோஷப்பட்டாளா? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. யார் கூப்பிடச் சொன்னது என்று அம்மாவிடம் சண்டை. மூன்றாம் வாரம் ஒரு நாள் 'உள்ளேன்' என்றாளாம். பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. டீச்சர் அதை நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார். இவர் அந்த நோட்டை எத்தனை தரம் படித்தார் என்று மனைவி எண்ணாமல் விட்டுவிட்டாள்.

துணி இப்போது ஆராய்ச்சியாகிவிட்டது. பாதிக் குட்டிகளுக்குத் தாய் வாசத் துணி, மீதிக்குச் சலவைத் துணி. இரண்டும் முன்பே தயாராக இருக்கும். எந்தக் குட்டிக்கு எது என்பதை ஒரு தகர டப்பாவிலிருந்து சீட்டு எடுத்து முடிவு செய்ய வேண்டும். சீட்டை இவர் எடுக்கக் கூடாது. உங்களுக்கு இரக்கம் ஜாஸ்தி, அதனால் நானே எடுக்கிறேன் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

முதல் குட்டி யாருடையது என்கிறீர்கள்? கீழ்ப்பார்வையுடையதேதான். புதுக்குட்டி, ஒன்பதாவது. இவர் பக்கவாட்டில் நடந்து போய், அவள் மடியிலிருந்து எடுத்து வந்தார். டாக்டரம்மா சீட்டைப் பிரித்துப் பார்த்தார். சலவைத் துணி.

பத்து மணி வரை குட்டி கத்தியது. பிறகு கத்தவில்லை. மதியம் மூலையில் உருண்டையாகச் சுருண்டது, நான்கு வருஷத்துக்கு முன்னால் அதன் அண்ணன் கிடந்த மாதிரியே. உதடு உலர்ந்தது. டாக்டரம்மா வேறு கட்டடத்தில் இருந்தார். அறையில் இவரைத் தவிர ஆள் இல்லை. இரண்டடி தள்ளி அலமாரி. அதில், சீட்டு விழாததால் மடித்தபடி கிடந்தது கீழ்ப்பார்வை உட்கார்ந்த துவாலை. அலமாரிக்குப் பூட்டு கிடையாது. ஒரு தரம் திறந்தார். வாசம் இவருக்கே அடித்தது. இதை இப்போது வைத்தால் இந்தக் குட்டி தின்னும். நாளைக்கு இன்னொரு படிவம் இன்னொரு பொய் சொல்லும், அதை நம்பி இன்னும் எத்தனையோ கதவுகள் மூடும். மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடி, கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசி வரைக்கும் நடந்தார், திரும்பி வந்தார். பக்கத்தில் போய் நின்றால்கூட அதுவும் ஒரு துணி கொடுத்த மாதிரிதான் என்று தோன்றி, கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தார். நாலே முக்காலுக்குக் குட்டி ஒரு கையை நீட்டிச் சலவைத் துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தது. இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கையை எடுக்கவும் இல்லை.

மறுநாள் ஒன்பது அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போதே கூண்டுக் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஒன்பது அடித்ததும் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நடப்பதையெல்லாம் மறந்து, நேராகவே போனார். கீழ்ப்பார்வை நிமிர்ந்து பார்த்தாள். குட்டியைப் பிடுங்கி அணைத்துக்கொண்டு, தலை முதல் வால் வரை மோந்து மோந்து பார்த்தாள். இவர் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். துணி: சலவை. உணவு: இல்லை. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கை பழக்கத்தில் 'ஒ' என்று ஆரம்பித்துவிட்டது. அதை அடித்துவிட்டு எழுதினார்:

'குட்டி ரொம்பப் பயந்தது. எழுதுகிறவனும் பயந்தான். துணியை மாற்றவில்லை.'